வெள்ளைக்காலி வம்சத்துக்கு ஒரு வாளித் தண்ணீர்

கொட்டகலை பஜாரில், நடுரோட்டில், ஒரு லொறி நின்றுகொண்டிருந்தது. லொறிக்கு மேலே ஒரு குதிரை. குதிரைக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர், கையில் ஒரு வாளித் தண்ணீர்.

லொறிக்கு முன்னால் மூன்று ஆட்டோக்கள் குறுக்கே கிடந்தன. பின்னால் ஹட்டன் பஸ். அந்த பஸ்காரர் ஹார்ன் அடித்து அடித்து அலுத்துப்போய், கடைசியில் தானே இறங்கி வந்து வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். மரக்கறிக் கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"தண்ணி ஜில்லுனு இருக்கா?" என்று இவர் கேட்டார்.

"பீலித் தண்ணி மச்சான். கையை விட்டா விரல் கழண்டுரும்" என்றான் என் தம்பி லோகு. மலையிலிருந்து வழிந்து பீலியில் கொட்டுகிற அந்தத் தண்ணீரைப் பிடித்து வர அவன் பஜாரின் கோடிவரை ஓடிவிட்டு வந்திருந்தான்.

குதிரை குடித்தது. நான் மாரியம்மனைக் கூப்பிட்டேன், முனியாண்டியைக் கூப்பிட்டேன், அந்தோனியாரையும் விட்டுவைக்கவில்லை. அந்தத் தண்ணீர் வயிற்றுக்குள் இறங்கி ஒரு குட்டியை உதைக்க வைக்க வேண்டும். உதைத்தால் லொறி திரும்பும். உதைக்காவிட்டால் லொறி கீழ்நாட்டுக்குப் போய்விடும், நான்கு தலைமுறைக் குதிரைக் குடும்பம் ஒன்று அதோடு முடிந்துவிடும்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் தேநீர்க் கடை அடுப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு தங்கச்சி கடைக்கே வந்து, "குதிரைக்காரரைக் கட்டிக்கிட்டு அடுப்பைப் பத்தி எழுதுறீங்களேக்கா!" என்று சண்டை பிடித்தாள். சரி தாயே, இந்த வாரம் முழுக்கக் குதிரைதான்.

லயத்திலிருந்து லாயத்துக்கு

நான் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வரிசை வீட்டு லயத்தில் பிறந்தவள். நுவரெலியாவில் ரேஸ் குதிரை லாயத்துக்கு வாக்கப்பட்டேன். இவர் பெயர் செல்வராஜ். இவருடைய அப்பாவும் குதிரைக்காரர்தான்.

பெண் பார்க்க வந்த அன்று இவர் மொத்தமாகப் பேசியது, "தண்ணி போதும்" என்ற இரண்டு சொல்தான். "பையன் ரொம்ப அமைதிடி" என்று என் அம்மா பூரித்துப்போனாள். அது அமைதி இல்லை, அடைப்பு என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குதிரையிடம் மட்டும் மணிக்கணக்காகப் பேசுவார். நான் பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவார்.

லாயத்துக்கு எதிரே நான் கடை போட்டதே இந்த வயிற்றெரிச்சலில்தான். நாலு மனிதர்கள் வந்து பிளேன்டீ குடித்து நாலு வார்த்தை பேசுவார்கள் இல்லையா?

அம்மா வழி

இந்தக் குடும்பத்தின் முதல் ஆளை நான் பார்த்ததில்லை. என் மாமனார் சொல்லக் கேட்டதுதான். லாயத்துக்குச் சொந்தக்காரரான பெரிய தொரையின் அப்பா காலத்தில் பூனாவிலிருந்து கிளம்பி, கப்பலில் கொழும்புக்கு வந்து, ரயிலில் நானுஓயாவுக்கு ஏறி, அங்கிருந்து மழையில் நடந்தே நுவரெலியா வந்து சேர்ந்தாளாம். ரேஸ் காகிதத்தில் அவளுக்கு இங்கிலீஷில் நீட்டமாக ஒரு பெயர். எங்கள் ஆட்கள் வாயில் அது நுழையவில்லை. பின்னங்கால் ஒன்று முட்டிவரை வெள்ளையாக இருந்ததால் வெள்ளைக்காலி என்று கூப்பிட்டார்கள்.

ஓட்டத்தில் வெள்ளைக்காலி ஒன்றும் கிழிக்கவில்லை. நடுவில் புகுந்து நடுவிலேயே முடிப்பாள். ஆனால் அவள் பெற்றதெல்லாம் புயல். ஒரே மகள் மூக்குத்தி, மூக்கோரம் ஒரு வெள்ளைப் புள்ளியோடு பிறந்தவள். ஏப்ரல் சீசனில் பெரிய ரேஸை அவள் ஜெயித்த அன்று லாயத்தில் எல்லா வீட்டிலும் ஆட்டுக்கறி வாசம் அடித்ததாம்.

மூக்குத்தியின் மகள் ராசாத்தி. இவளை நான் பார்த்திருக்கிறேன். அப்பப்பா, என்ன கோபம்! ஒரு சீசனில் பேண்ட் வாத்தியக்காரரின் தொப்பியைப் பிடுங்கி, சங்கீதம் முடியும்வரை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கடித்த தழும்பு இன்னும் தோளில் இருக்கிறது. இருந்தும் அவள் செத்தபோது மூன்று நாள் கடை திறக்க எனக்கு மனசு வரவில்லை.

ராசாத்தியின் மகள்தான் சிட்டு. சின்ன உடம்பு, நல்ல குணம். லொறியில் நின்றவள் இவள்தான்.

குதிரைக்காரர்கள் குடும்பம் என்று சொன்னால் அது அம்மா வழி மட்டும்தான். அப்பன் எவ்வளவு பெரிய குதிரையாக இருந்தாலும் குடும்பம் தாயுடையது. முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்குகிற எங்கள் பொம்பளைகளின் பெயர் யாருடைய பெயருக்கு முன்னால் வந்திருக்கிறது? குதிரையாவது மரியாதை தெரிந்த சாதியாக இருக்கட்டும்.

ஆனால் இதில் ஒரு பயமும் உண்டு. பெண் குட்டி இல்லாவிட்டால் குடும்பம் அங்கேயே நின்றுபோகும். மூக்குத்தியின் இன்னொரு மகள் காய்ச்சலில் போய்விட்டாள். ராசாத்தி பெற்ற மற்றதெல்லாம் ஆண். சிட்டு ஒரு ஆண் குட்டி போட்டாள், அடுத்தது செத்தே பிறந்தது, அதற்கப்புறம் வருஷக்கணக்காக ஒன்றும் நிற்கவில்லை. வெள்ளைக்காலி குடும்பத்தில் மிச்சம் சிட்டு ஒருத்திதான்.

கைக்குத் தெரியாமல் வாய் திறக்காதே

எங்கள் லாயத்தில் ஒரு பழக்கம் உண்டு. குதிரை சினையாக இருப்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. குட்டி உள்ளே உதைப்பது குதிரைக்காரரின் உள்ளங்கைக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் முனியாண்டிக்குத் தேங்காய் உடைத்து, தொரைக்கும் ஊருக்கும் சொல்வார்கள். அதுவரை பிடரி மயிருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மஞ்சள் நூல் கிடக்கும், அவ்வளவுதான்.

வெள்ளைக்காலி முதன்முதலில் சினைப்பட்டபோது அந்தக் காலத்துத் தொரை விருந்து வைத்து ஊரைக் கூட்டிக் காட்டினாராம். ஒரு வாரத்தில் குட்டி கலைந்துவிட்டது. ஊர்க் கண்ணூறு பட்டுவிட்டது என்றார் என் மாமனார். இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியதும் அவர்தான்.

உதையைப் பார்க்கும் முறை இதுதான். விடியற்காலையில் வெறும் வயிற்றில் குதிரைக்கு ஜில்லென்று தண்ணீர் காட்டுவார்கள். அந்தக் குளிர்ச்சி உள்ளே போனதும் குட்டி விழித்துக்கொண்டு அசையும். பின்னங்காலுக்கு முன்னால், அடிவயிறு ஏறுகிற இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்துக் காத்திருப்பார்கள்.

இந்தப் பழக்கத்தை இவர் என்னிடமும் காட்டினார் என்றால் நம்புவீர்களா? என் மகள் வயிற்றில் இருந்தபோது இவர் யாரிடமும் மூச்சு விடவில்லை, என்னையும் விடவிடவில்லை. பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போய் வாசலில் இறங்குகிறேன், அம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த சுளகைக் கீழே போட்டுவிட்டாள். "ஏன் மாப்பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று கேட்டாள். இவர் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தார்.

பெரிய தொரை விழுந்தார்

பெட்ரோல் வரிசையும் கேஸ் வரிசையும் முடிந்து நாடு கொஞ்சம் மூச்சுவிட்ட சமயம் அது. குதிரைத் தீனி விலை ஏறி, பலர் குதிரைகளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரையில் முன்னாள் ரேஸ் குதிரைகள் சுற்றுலாக்காரர்களின் பிள்ளைகளை முதுகில் சுமந்துகொண்டு திரிந்தன.

பெரிய தொரை மட்டும் பிடிவாதமாக இருந்தார். "இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்போம் செல்வராஜ்" என்று சொல்லி, சிநேகிதர் ஒருவரின் பொலிகுதிரையைச் சிட்டுவோடு சேர்த்தார். லாயத்தில் அது அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் தொரை பக்கவாதத்தில் விழுந்தார். வாய் பேச வராமல் அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள்.

பொறுப்பு அவர் மகன் சின்னத் தொரை கைக்கு வந்தது. கெட்ட பிள்ளை இல்லை. அப்பாவின் ஆஸ்பத்திரிக்கும் தன் வேலைக்குமாக ஓடிக்கொண்டிருந்த மனிதர். மலட்டுக் குதிரைக்கு எதற்குத் தீனி என்று நினைத்து, சிட்டுவைத் தெற்கே ஒரு கடற்கரை ஹோட்டலுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு செய்துவிட்டார்.

"ஒரு மாசம் போகட்டுமே தொரை" என்று இவர் போனில் கேட்டிருக்கிறார்.

"ஏன், என்ன விஷயம்?"

"சும்மாத்தான் தொரை" என்று சொல்லி இவர் போனை வைத்துவிட்டார். ஏழு மாதம் தாண்டியும் குட்டி கைக்கு உதைக்கவில்லை. சிட்டுவின் வயிறோ ஒட்டியே கிடந்தது. உள்ளே குட்டி இருக்கிறதா என்பதே இவருக்கு நிச்சயமில்லை. இருந்து, தான் வாய் திறந்து, அதனால் கலைந்துபோனால்?

ஆறிப்போன பிளேன்டீ

லொறி வந்த காலையில் நுவரெலியாவில் பனிமூட்டம். எதிரே லாயத்துக் கதவுகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. லொறி போகிற சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் இவர் வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பிளேன்டீயை வைத்தேன். தொடவில்லை. 

"சிட்டுவை அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"நான்தான் ஏத்தி விட்டேன்." பிறகு ஆறிப்போன பிளேன்டீயைத் தள்ளி வைத்துவிட்டு, "அவ சும்மா இல்ல கமலா" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த ரொட்டியை அப்படியே கல்லில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"சினையா? சினைக் குதிரையையா லொறியில ஏத்தி விட்டீங்க?"

"உதை தெரியலியே புள்ள. தெரியாம எப்படிச் சொல்றது?"

"அய்யோ, அய்யோ! உங்க வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? நம்ம பழக்கம் குட்டியைக் காப்பாத்தத்தானே? இப்ப அந்தக் குட்டி எந்த வளைவுல ஆடிக்கிட்டுப் போகுதோ! நாளைக்கு அந்த வெயில்ல, மணல்ல, அவ முதுகுல ஆளை ஏத்துவாங்களே, யாருக்குத் தெரியும் அவ வயித்துல புள்ள இருக்குனு?"

இவர் அழுதார். என் மாமனார் செத்தபோதுகூட இவர் அழுது நான் பார்த்ததில்லை. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சின்னத் தொரைக்குப் போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் அடித்தேன். எடுக்கவே இல்லை. அப்போதுதான் கொட்டகலையில் ஆட்டோ ஓட்டுகிற என் தம்பி ஞாபகம் வந்தது. அந்த லொறி ஹட்டன் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும்.

"லோகு, ஒரு குதிரை லொறி வருது. எப்படியாவது நிறுத்துடா. அடிச்சுக்கிடாத. ஆனா போக விடாத."

"குதிரையா? எதுக்குக்கா?"

"அது வயித்துப்புள்ளக்காரிடா!"

சொல்லிவிட்டேன். மாமனார் போட்ட கட்டு என் வாயால்தான் உடைந்தது. கடையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு வேனைப் பிடித்துக் கிளம்பினோம். நானுஓயா, லிந்துலை, தலவாக்கலை என்று ஒவ்வொரு வளைவிலும் முன்னால் லொறி தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். தலவாக்கலை தாண்டும்போது தம்பி போன் அடித்தான். "நிப்பாட்டிட்டோம்க்கா. சீக்கிரம் வாங்க, டிரைவர் குதிக்கிறாரு!"

உள்ளங்கை

டிரைவர் சிங்களப் பிள்ளை, பெயர் குமார. குதித்ததில் தப்பே இல்லை. ஒப்படைக்கச் சொன்ன சாமானை அவன் நேரத்துக்கு ஒப்படைக்க வேண்டும்.

"ஹோட்டல்ல எனக்குத்தானே ஏசுவாங்க அக்கே!" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினான். "குட்டி இருக்குனு யார் சொன்ன? டாக்டர் சொன்னதா? முதலாளி சொன்னதா? குதிரைக்காரர்தானே ஏத்திவிட்டது! அப்ப ஏன் வாய் பேசல்ல?"

நியாயமான கேள்வி.  நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைத் தேடினார். நடுரோட்டில் ஏது கூரை? கடைசியில் தம்பியிடம் திரும்பி, "ஒரு வாளி தண்ணி கொண்டா. நல்லா ஜில்லுனு" என்றார்.

ஆக, முதலில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம்.

சிட்டு வாளி முழுவதும் குடித்தாள். இவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை அவள் அடிவயிற்றில் விரித்தார்.  யாரோ ஒரு அம்மா கும்பிட்ட கையை இறக்கவேயில்லை. பஸ்காரர் தன் பயணிகளை "சத்தம் போடாதீங்க" என்று அதட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை. குமார கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அக்கே, நான் போறது நல்லது" என்று மெதுவாகச் சொன்னான். அந்தக் குரலில் இரக்கம்தான் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இவர் கையை எடுக்கவில்லை. நெற்றியைச் சிட்டுவின் விலாவில் சாய்த்து, "உதைடா சாமி" என்று கெஞ்சினார். "ஒரே ஒரு தடவை உதைடா. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

திடீரென்று நிமிர்ந்தார். கண் பெரிதாயிற்று. பேசவில்லை. பேசினால்தானே! பாய்ந்து குமாரவின் கையைப் பிடித்து இழுத்து, அவன் உள்ளங்கையை அந்த இடத்தில் அழுத்தி வைத்தார்.

"அனே அம்மே!" என்று அந்தப் பிள்ளை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பிறகு தானாகவே மறுபடியும் வைத்தான். அவன் முகம் அப்படியே மலர்ந்துபோனது. "உதைக்குது, உதைக்குது!" என்று சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கூவினான்.

கொட்டகலை பஜார் கைதட்டிய சத்தம் மேலே ஸ்டேஷன்வரை கேட்டதாகத் தம்பி இன்றைக்கும் சாதிக்கிறான். நான் ரோட்டோரக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.  யாரோ வாயில் தண்ணீர் ஊற்றினார்கள், அதுவும் அதே பீலித் தண்ணீர்தான்.

சின்னத் தொரையின் போன்

அதற்குள் சின்னத் தொரை திருப்பி அழைத்தார். ஆஸ்பத்திரியில் போனைச் சத்தம் வராமல் வைக்கச் சொல்லியிருந்தார்களாம். விஷயத்தைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்துக் காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

அவர் ஏசவில்லை. "அப்பா ஒவ்வொரு நாளும் ஒண்ணு செய்றார்" என்றார். "தண்ணி குடுத்தா, குடிச்சிட்டு, நல்லா இருக்கிற கையை விரிச்சுக் கட்டில் கம்பியில வச்சுக்கிட்டு அப்படியே இருக்கார். எடுத்துவிட்டா கோபப்படுறார். எங்களுக்கு ஒண்ணும் விளங்கல."

அதை அப்படியே இவர் காதில் போட்டேன். போனை இவரிடம் கொடுத்தேன்.

"பெரிய தொரைகிட்ட சொல்லுங்க" என்றார் இவர். "கைக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க. அவருக்கு விளங்கும்."

சின்னத் தொரை அங்கேயே போய்ச் சொல்லியிருக்கிறார். பெரிய தொரை கம்பியிலிருந்து கையை எடுத்து, நெஞ்சில் வைத்துக்கொண்டு, நன்றாகத் தூங்கிவிட்டாராம். ஹோட்டலுக்குத் தானே பேசிக்கொள்வதாகச் சின்னத் தொரை சொன்னார். குமார லொறியைத் திருப்பினான். நுவரெலியாவரை அவன் ஓட்டியதைப் பார்க்க வேண்டுமே, தூளியை ஆட்டுகிற மாதிரி ஒவ்வொரு வளைவாக உருட்டிக்கொண்டு வந்தான். பின்னால் வந்த பஸ்களெல்லாம் அவனைத் திட்டித் தீர்த்தன.

பெண் குட்டி

நாள் நெருங்க நெருங்க எங்கள் பயம் குறையவில்லை, இடம் மாறியது. குட்டி உயிரோடு பிறக்க வேண்டும். பிறந்தாலும் பெண்ணாக இருக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் லாயத்தில் எல்லோருக்கும் அதே நினைப்புத்தான்.

பனி விலகி வெயில் விழுந்த ஒரு காலையில், நான் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது, சிட்டு பெற்றாள். அடித்துப் பிடித்து ஓடினேன். வைக்கோலில் ஈரம் காயாமல், உடம்பெல்லாம் காலே என்கிற மாதிரிக் கிடந்தது குட்டி. இவர் துணியால் துடைத்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொட்டப்புள்ள" என்றார்.

அப்பாடா! வெள்ளைக்காலி குடும்பம் பிழைத்தது. பீலி என்று நான்தான் பெயர் வைத்தேன். வெள்ளைக்கால் வரவில்லையே என்று இவருக்கு ஒரு சின்ன மனக்குறை. எனக்கு இல்லை. நாலு காலும் நல்லபடி இருந்தால் போதாதா, கலர் வேறு வேண்டுமா?

பீலி இப்போது ஓடிப் பழகுகிறாள். போன வாரம் சிட்டுவுக்கு மறுபடியும் பொலிகுதிரை சேர்த்தார்கள். காலையில் சேர்த்தது. சினை நிற்குமா நிற்காதா என்று அந்தக் குதிரைகளுக்கே தெரியாது. இவர் நேராகக் கடைக்கு வந்தார். பாண் ரொட்டி கொண்டுவந்தவரிடம் சொன்னார். பஸ் கண்டக்டரிடம் சொன்னார். சின்னத் தொரைக்குப் போன் போட்டுச் சொன்னார், லொறி ஓட்டுகிற குமாரவுக்கும் போட்டார். பிளேன்டீ குடிக்க வந்தவர்களை உட்கார வைத்து, வெள்ளைக்காலி பூனாவிலிருந்து கிளம்பியதில் தொடங்கி ஒவ்வொருத்தி கதையாக அவிழ்த்துவிட்டார். பொழுது சாய்கிறது, பெஞ்சில் ஆள் எழும்பவில்லை, எனக்குக் கடையைக் கட்ட வேண்டும்.

"போதும்ங்க, கொஞ்சம் வாயை மூடுங்க" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவரைப் பார்த்து நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.